பதினேழாம் குச்சியின் குஞ்சு

மே 6, செவ்வாய்

என் பெயர் இன்னாசி. இந்த வரியை எழுதியது நானே.

எழுதி முடித்து நோட்டைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் என் மனைவி அமலோற்பவம் மட்டும் இருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு, "மணல்ல நண்டு போன மாதிரி இருக்கு" என்றாள்.

இருக்கட்டும். போன மழைக்காலம் முழுக்கத் தங்கச்சிமடம் கோயில் கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் படித்த நண்டு இது.

இன்று காலை தீடைக்கு வந்து சேர்ந்தோம். கடலுக்கு நடுவில் எழும்பி நிற்கிற மணல் திட்டைத்தான் நாங்கள் தீடை என்போம். இங்கே மரம் கிடையாது, நல்ல தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது. கோடையில் ஆலாப் பறவைகள் முட்டையிட வரும். அவற்றை ஆராய்ச்சி செய்ய டாக்டர் கார்குழலி வந்திருக்கிறார். இது அவருக்கும் எங்களுக்கும் இரண்டாவது வருடம். நான் காவல், கூடமாட வேலை. அமலோற்பவம் சமையல். சீனி பாய் படகு.

இவ்வளவு எழுதுவதற்குள் வெயில் கூடாரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. கை கடுக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

மே 7, புதன்

தண்ணீர்க் கேன்களைப் படகிலிருந்து சுமந்தேன். இன்று இவ்வளவுதான்.

மே 12, திங்கள்

போன வருடம் டாக்டரம்மாவிடம் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டேன். "நான் அந்த டாக்டர் இல்லீங்கய்யா" என்று சிரித்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் "ங்க" இல்லாமல் ஒரு வார்த்தை வராது. சின்ன வயதுதான், ஆனால் சிரிக்கும்போதுகூடக் கண்ணில் அசதி தெரியும்.

அவர் பறவைகளின் ரத்தத்தைப் பார்த்து எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பவர். வெறும் கண்ணால் பார்த்தால் எல்லா ஆலாவும் ஒன்று போல இருக்கும். கறுப்புத் தொப்பி, வெள்ளை உடம்பு, இந்த வகைக்கு மட்டும் மார்பில் ரோஜாப்பூ நிறம் லேசாகத் தட்டும். இந்த வகை வர வரக் குறைந்துகொண்டே போகிறதாம். ஏன் குறைகிறது என்று ரத்தத்தில் தெரியுமா என்று கேட்டேன்.

"கொஞ்சம் தெரியுங்கய்யா. எல்லாம் நெருங்கின சொந்தமா இருந்தா குஞ்சு தங்காது. வெளியில இருந்து புது ரத்தம் வருதா, வரலையான்னு பாக்கணும்."

"அப்ப எங்க ஊரு மாதிரிதேன்" என்றார் சீனி பாய். "எல்லாம் மாமன் மகளும் அத்தை மகனும்."

ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் எண் எழுதிய குச்சி நட்டோம். கூடு என்றால் மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். போன வருடம் குச்சியில் இருக்கிற எண்ணை சீனி பாய்தான் எனக்குப் படித்துச் சொன்னார். இன்று நான் படித்தேன். சத்தமாகப் படித்தேன். பறவைகள் எல்லாம் எழும்பி என் தலைமேல் எச்சமிட்டன.

மே 13, செவ்வாய்

சட்டையைத் துவைத்தேன். உப்புத் தண்ணீரில் நுரை வருவதில்லை.

மே 28, புதன்

பதினைந்து நாட்களாக எழுதவில்லை. எழுதக் கூடாது என்று இல்லை, முடியவில்லை. வெளிச்சம் வருவதற்கு முன்னால் எழுந்தால், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு பறவையைக் கிளப்பினால் முட்டை வெந்துவிடும்.

அடைகாக்கிற பறவையின் மேல் கம்பிக் கூண்டை வைத்துப் பிடிக்கிறோம். சீனி பாய் கூண்டைத் தூக்குவார், நான் துணிப்பையை விரித்துப் பிடிப்பேன், டாக்டரம்மா இறக்கையின் அடியில் மெல்லிய ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிடுவார். ஒரு பறவைக்கு ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகாது. கூட்டில் இரண்டு பறவைகள் மாறி மாறி உட்காரும். இரண்டையும் பிடிக்க வேண்டும். கூட்டமே சிறியது என்பதால் ஏறக்குறைய எல்லாக் கூட்டிலும் எடுத்துவிட்டோம். ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து சீனி பாய் கரைக்குக் கொண்டு போனார். அங்கிருந்து கோயம்புத்தூர் லேபுக்குப் போகும்.

ஒன்றை மட்டும் டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்கிறார். முட்டையை யாரும் தொடக் கூடாது. "அனுமதிக் காகிதத்துல ரத்தம் எடுக்கலாம்னு மட்டும்தானுங்க இருக்கு. முட்டையில கை வெச்சா கேஸ். என் அனுமதியும் போயிடும்."

அமலோற்பவத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் பாத்திரம் கழுவும்போது கூடுகளுக்குப் பக்கமாகப் போகிறாள் என்று அவருக்குப் பயம்.

"நான் எதுக்கு தாயி தொடப்போறேன்" என்றாள் அமலோற்பவம்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போக முடியாத இன்னொரு ஞாயிறு. கூடாரத்துக்குள்ளேயே ஜெபம் சொன்னோம். காற்று மணலை வாரி அடித்தது. ஜெபம் முடியும்போது வாயெல்லாம் மணல்.

இங்கே கைபேசியில் இலங்கைக் கோபுரத்தின் சிக்னல்தான் கிடைக்கும். அதனால் டாக்டரம்மா கரைக்குப் போய் லேபுக்குப் பேசிவிட்டு மத்தியானம் வந்தார். வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்தார்.

"பாதிக் கூட்டுல ஆம்பளையே இல்லீங்கய்யா."

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். ரத்தத்தைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியுமாம். இந்தக் கூட்டத்தில் ஆண் பறவைகள் மிகவும் குறைவு. துணை கிடைக்காத பெண்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து கூடு கட்டியிருக்கின்றன. இரண்டும் முட்டையிடும், இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். ஆனால் முட்டையில் உயிர் இருக்காது.

"பதினேழாம் குச்சியா?" என்று கேட்டாள் அமலோற்பவம். மற்றக் கூடுகளில் ஒன்றோ இரண்டோ முட்டை. பதினேழில் மட்டும் மூன்று. பாத்திரம் கழுவப் போகும் வழியில் இருக்கிற கூடு அது.

"ஆமாங்கம்மா. அதுவும் அப்படித்தான்."

"அப்ப அதுக சும்மாவா உக்காந்திருக்குக?"

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றி மணலைத் தட்டினார். பிறகு என்னிடம் சொன்னார். ஒவ்வொரு வருடமும் கடல் ஏறும்போது விளிம்பில் இருக்கிற நல்ல முட்டைகள் அடித்துக்கொண்டு போகின்றன. அவற்றை எடுத்து இந்த மாதிரிப் பொரிக்காத முட்டை இருக்கிற கூட்டில் வைத்தால் குஞ்சு பிழைக்கும் என்று போன வருடமே அனுமதி தருகிற அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாராம். மனிதன் கை வைக்கக் கூடாது, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்ததாம். ஜூலைக் கடைசியில் சென்னையில் கூட்டம் இருக்கிறது. அதில் மறுபடியும் கேட்கப் போகிறார். "இந்தத் தடவை ரத்த முடிவு கையில இருக்குங்க. இப்பவும் இல்லைன்னு சொன்னா, நான் பாக்குறப்பவே இந்தக் கூட்டம் முடிஞ்சுடும்."

ஜூன் 11, புதன்

பௌர்ணமி. கடல் ஏறியது.

காலையில் தெற்கு விளிம்பு நனைந்தது. மத்தியானத்துக்குள் அலை கூடுகளுக்குள் வந்துவிட்டது. பறவைகள் எல்லாம் வானத்தில் கத்தின. காதை அடைத்துக்கொண்டது. டாக்டரம்மா வடக்குப் பக்கம் சாமான் கூடாரத்தைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். படகின் நங்கூரம் கழன்றுவிட்டது. நானும் சீனி பாயும் இடுப்பளவு தண்ணீரில் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். விட்டால் படகு போய்விடும், படகு போனால் தண்ணீர் இல்லை, சோறு இல்லை. கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டது. இதை எழுதும்போதும் எரிகிறது.

அமலோற்பவம் தெற்கே மிதந்துபோன பாத்திரங்களைப் பிடிக்கப் போனாள். விளிம்பில் ஒரு தடவை குனிந்தாள். பிறகு மேட்டுப் பக்கம் வந்து, பதினேழாம் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு தடவை குனிந்தாள். பாத்திரம் எடுக்கத்தான் குனிந்திருப்பாள். நான் தூரத்தில் இருந்தேன். எதையும் பார்க்கவில்லை.

எழுதியது அழியாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகையால் இன்று இவ்வளவு போதும்.

ஜூன் 12, வியாழன்

பாத்திரம் மேட்டுக்கு எப்படி மிதந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன். "வந்துச்சு" என்றாள்.

ஜூன் 13, வெள்ளி

இன்று அந்தோனியார் திருநாள். தெற்கு விளிம்பில் நட்ட குச்சிகள் பாதி இல்லை. முட்டைகள் இல்லை. கூடு இழந்த பறவைகள் அந்த இடத்திலேயே வெறும் மணலில் உட்கார்ந்திருக்கின்றன. டாக்டரம்மா தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்த்துக் குறித்துக்கொண்டார். மிரண்டிருக்கிற பறவைகளைக் கிட்டே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்றார். பதினேழில் மூன்று முட்டை என்று குறித்தார்.

நான் தண்ணீர்க் கேன்களை எண்ணப் போய்விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

பதினேழாம் குச்சியில் குஞ்சு பொரித்திருக்கிறது!

இந்த ஆச்சரியக் குறியை வகுப்பில் கடைசியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை நாள் பயன்படுத்த இடம் கிடைக்கவில்லை.

மணலும் மிளகும் கலந்த மாதிரி நிறம். உட்கார்ந்தால் தெரியாது. இரண்டு தாய்களில் ஒன்று நிழலாக நிற்க, இன்னொன்று சின்ன மீன் கொண்டுவந்து ஊட்டியது. டாக்டரம்மா நம்பவில்லை. மறைப்புத் துணிக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் வெயிலில் படுத்துக்கிடந்தார். எழுந்தபோது முகமெல்லாம் மணல். சிரித்தார். இந்த வருடம் முதல் தடவையாக அசதியில்லாமல் சிரித்ததைப் பார்த்தேன்.

"எப்படிங்கய்யா? ஒருவேளை ரெண்டுல ஒண்ணு பக்கத்துக் கூட்டு ஆணோட சேர்ந்திருக்கணும். அப்படி நடக்கறதுண்டு."

"நடக்கும் நடக்கும்" என்றார் சீனி பாய். "ஊருலயும் நடக்குது."

அமலோற்பவம் இன்று மீன் குழம்பில் தேங்காய் அதிகம் அரைத்துப் போட்டாள். ஏதாவது விசேஷமா என்று கேட்டார் டாக்டரம்மா. "இல்லியே" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

ஜூன் 25, புதன்

குஞ்சின் ரத்தம் எடுத்தோம். நான்தான் பையைப் பிடித்தேன். பைக்குள் அதன் நெஞ்சு அடித்தது என் விரலுக்குத் தெரிந்தது. எதுவும் இல்லாத கனம்.

ரத்தக் குழாயில் ஒட்டுகிற சீட்டில் "17" என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். வேறு நாளாக இருந்தால் அதை ஊருக்கே சொல்லியிருப்பேன்.

ஜூலை 3, வியாழன்

வெயில். வெயில். பருப்பு தீர்ந்துவிட்டது. சீனி பாய்க்குக் காய்ச்சல். இரண்டு நாளாகப் படகு வரவில்லை. தண்ணீரை அளந்து குடிக்கிறோம். அமலோற்பவத்தின் காலில் பித்தவெடிப்பு, அதில் உப்பு ஏறி நடக்க முடியாமல் நடக்கிறாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"குஞ்சு பறக்கட்டும்" என்றாள்.

"எந்தக் குஞ்சு?"

"எல்லாக் குஞ்சுந்தேன்."

ஜூலை 15, செவ்வாய்

கரைக்குப் போயிருந்த டாக்டரம்மா படகிலிருந்து இறங்கி ஓடி வந்தார். ஓடி என்றால் உண்மையாகவே ஓடி. மணலில் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது, அதை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

பதினேழின் குஞ்சுக்கும் அந்த இரண்டு பறவைகளுக்கும் ரத்த சொந்தமே இல்லையாம். இரண்டுமே அதன் தாய் இல்லை.

"அப்படின்னா கடல் ஏறுன அன்னைக்கு வேற கூட்டு முட்டை உருண்டு வந்திருக்கு. அதுங்களே இழுத்து வெச்சுக்கிட்டிருக்குதுங்க! இப்படி யாரும் எழுதினதே இல்லீங்கய்யா!"

சீனி பாய் மாஷா அல்லா என்றார். நான் தொண்டையைச் செருமினேன். அமலோற்பவம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தவே இல்லை.

பிறகு டாக்டரம்மா கொஞ்சம் நிதானமானார். இதைச் சென்னைக் கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். சொன்னால் இன்னொரு சங்கடமும் இருக்கிறதாம். பறவைகளே தங்களுக்குள் பார்த்துக்கொள்கின்றன என்றால், நாம் முட்டை எடுத்து வைக்க வேண்டிய தேவை இல்லை என்று அதிகாரிகள் சொல்லிவிடுவார்கள். அவர் கேட்டது கிடைக்காது. "ஆனா உண்மை அதுதான்னா, அதைத்தானுங்க நான் சொல்லணும்" என்றார்.

அது உண்மை இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 16, புதன்

நேற்று எழுதிய வரியை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் பதினேழின் குஞ்சு பறந்தது. முதலில் மேட்டிலிருந்து கீழே விழுகிற மாதிரி போய், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே சமாளித்து, ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்து மணலில் குப்புற விழுந்தது. தாய்கள் இரண்டும் கத்திக்கொண்டே கூடப் போய்க் கூட வந்தன. அமலோற்பவம் கரண்டியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன்.

அதைப் பார்த்துவிட்டுப் பொய் காக்க முடியவில்லை. அடுத்த வருடம் கடல் ஏறும்போது விளிம்பில் இருக்கிற எல்லா முட்டையும் போகும். பறவைகளே பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அமலோற்பவம் தெற்கே கடல் ஒதுக்கிய விறகு பொறுக்கப் போன நேரம் பார்த்து டாக்டரம்மாவிடம் போனேன்.

"தாயி, அந்த முட்டையை நாந்தான் எடுத்து வச்சேன்."

அவர் என்னை அப்படிப் பார்ப்பார் என்று நினைக்கவில்லை. கோபம் இல்லை. எதையோ தூக்கிக்கொண்டு நடந்தவர் நடுவழியில் இறக்கி வைத்த மாதிரி.

"எந்தக் கூட்டுல இருந்து எடுத்தீங்கய்யா?"

நான் அதை யோசித்துக்கொண்டு போகவில்லை. விளிம்பில் இருந்த குச்சிகளில் நினைவுக்கு வந்த ஒன்றைச் சொன்னேன். "இருபத்துமூணு."

"எழுதித் தர முடியுங்களா?"

இதுவரை என்னை யாரும் எதையும் எழுதித் தரச் சொன்னதில்லை. உட்கார்ந்து எழுதினேன். 'இன்னாசி ஆகிய நான், கடல் ஏறிய அன்று இருபத்துமூன்றாம் குச்சியில் இருந்த முட்டையை எடுத்துப் பதினேழில் வைத்தேன்.' கையெழுத்தும் போட்டேன். எழுத்து அழகாக வந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

கேஸ் வருமா என்று கேட்டேன். "தெரியலீங்கய்யா. முதல்ல என்னைத்தான் கேப்பாங்க" என்றார். பிறகு காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். சாயங்காலம் கரைக்குப் போய் லேபுக்குப் பேசினார். இருபத்துமூன்றின் தாய் தகப்பன் ரத்தம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. குஞ்சின் ரத்தத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அப்படி ஒன்று பார்க்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 21, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். மெதுவாக எழுதுகிறேன்.

டாக்டரம்மா கரையிலிருந்து வந்தார். நாங்கள் சமையல் கூடாரத்தில் இருந்தோம். படகைக் கட்டிவிட்டு வந்த சீனி பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இருபத்துமூணோட ஒத்துப் போகலைங்களாம். அந்தக் குஞ்சு அதுங்களோடது இல்லை."

"வயசாயிருச்சுல்ல, எண்ணு மறந்திருக்கும்" என்றேன்.

அப்போது அமலோற்பவம் அரிசி களைந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இருபத்துமூணுல அன்னைக்கு ஏது முட்டை? அத முன்னாலயே கடல் கொண்டு போயிருச்சு. அந்தக் கோணக் குச்சியில இருந்துல்ல எடுத்தது."

களைந்த தண்ணீரை அவள் வெளியே ஊற்றினாள்.

கோணலாக நட்ட குச்சி ஒன்றுதான். ஒன்பது.

"யாருங்கம்மா எடுத்தது?" என்றார் டாக்டரம்மா.

"நாந்தேன். வேற யாரு? இவுக கயித்தப் புடிச்சுக்கிட்டுத் தண்ணியில நின்னாக."

"ஐயாதான் எடுத்ததா எழுதிக் குடுத்திருக்காருங்க."

அமலோற்பவம் அரிசிச் சட்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை எனக்குத் தெரியும்.

"எழுதிக் குடுத்தீகளா?"

"உன்னையப் புடிச்சுட்டுப் போயிருவாகன்னுதாண்டி..."

"நாஞ் செஞ்சத உங்க பேருல எழுதிக்கிட்டீகளா? இதுக்குத்தான் கோயில் கூடத்துல போயி எழுத்துப் படிச்சீகளா?"

"கேஸு வரும்டி!"

"வரட்டும். குஞ்சு பறந்துச்சுல்ல? அது யாரு வச்ச முட்டை? தண்ணிக்குள்ள ஓடிப் போயி, முந்தானையில பொதிஞ்சு, சூடு போகாமக் கொண்டாந்து வச்சது யாரு? நீங்களா?"

"அண்ணே" என்றார் சீனி பாய், டீயைக் கீழே வைத்துவிட்டு, "கோர்ட்டுல வேணா ஜெயிக்கலாம். மதினிகிட்ட முடியாது."

டாக்டரம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அப்படியே எழுந்து, வந்த படகிலேயே சீனி பாயைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கரைக்குப் போனார்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். ஒன்பதின் ரத்தம் ஒத்துப்போகிறது. அந்தக் குஞ்சு ஒன்பதின் பிள்ளை. பதினேழு வளர்த்த பிள்ளை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. அமலோற்பவம் செய்தது தப்பு என்றார். சொல்லியும் செய்தது தப்பு, செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு, அதனால் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்ததாக ஊருக்குச் சொல்ல இருந்தேன் என்றார். அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏனுங்கம்மா செஞ்சீங்க?"

"அதுக ரெண்டும் அம்புட்டு வெயில்லயும் மாறி மாறி உக்காந்திருந்துச்சுக. இந்தப் பக்கம் நல்ல முட்டை தண்ணியில போகுது. ரெண்டுக்கும் நடுவுல நான் நின்னேன். சும்மா நிக்க முடியல தாயி."

டாக்டரம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நடந்ததை நடந்தபடி கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றார். தன் முகாமில் தன் பொறுப்பில் நடந்தது என்றும் சொல்வாராம். அனுமதியை ரத்து செய்தாலும் செய்வார்கள். ஆனால் ஒன்பதின் முட்டையைப் பதினேழு வளர்த்துப் பறக்கவிட்டது என்பதும் அதே காகிதத்தில் இருக்கும், ரத்தத்தோடு.

பழைய காகிதத்தைக் கிழித்துப்போட்டு அமலோற்பவத்தின் பெயரில் வேறு எழுதச் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கே எடுத்தாள், எப்படிக் கொண்டுவந்தாள், பதினேழில் இருந்த கூமுட்டை ஒன்றை எடுத்துக் கடலில் போட்டுவிட்டு இதை வைத்தது, எல்லாம். நான் எழுத்துக்கூட்டும்போதெல்லாம் "இன்னுமா?" என்றாள். கடைசியில், "மறுபடி கண்ணுல பட்டா மறுபடி வைப்பேன்னும் எழுதுங்க" என்றாள்.

"அது வேண்டாங்கம்மா" என்றார் டாக்டரம்மா. "அதைப் பார்த்தா அவங்களுக்குக் கோவம் வரும்."

"அப்ப ரேகை வைக்க மாட்டேன்."

கூடாரத் துணி காற்றில் அடித்துக்கொண்டது. மூவரும் களைத்திருந்தோம்.

"எழுதுங்கய்யா" என்றார் டாக்டரம்மா.

எழுதினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வீட்டில் இருக்கிறோம். முழங்கால் வீங்கியிருக்கிறது. அமலோற்பவம் கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சீனி பாய் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். அனுமதி தருகிற அலுவலகத்திலிருந்து டாக்டரம்மாவுக்கு வந்ததன் நகல். எங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

"படிக்கவா அண்ணே?" என்றார் சீனி பாய்.

"நான் படிப்பேன்."

படித்தேன். வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் மற்றவர்கள் படித்துவிடுவார்கள். எனக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. சீனி பாய் பொறுமையாக இருந்தார்.

டாக்டரம்மாவுக்கு எச்சரிக்கை. அனுமதி ரத்து இல்லை. அடுத்த வருடம் கடல் ஏறும்போது, விளிம்பில் போகப்போகிற முட்டைகளை எடுத்து, ஆண் இல்லாத கூடுகளில் வைத்துப் பார்க்கலாம். சோதனைக்காக, ஒரு வருடத்துக்கு மட்டும். டாக்டரம்மாவின் ஆட்கள் மட்டுமே வைக்க வேண்டும்.

அதற்குக் கீழே இன்னொரு பத்தி. அதை இரண்டு தடவை படித்தேன்.

"என்ன?" என்றாள் அமலோற்பவம்.

"நம்ம ரெண்டு பேரும் இனிமே தீடையில கால் வைக்கக் கூடாதாம்."

அவள் உப்புக் கையை முழங்காலில் ஊன்றி அப்படியே இருந்தாள். அந்த வெயில், அந்த மணல் விழுந்த சோறு, அந்தக் கத்தல் எதுவும் இனி இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் முடியவில்லை.

"முட்டைய வைக்கப் போறாகள்ல?"

"வைக்கப் போறாக."

"அப்பச் சரி." கருவாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அதுல என் பேரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. உன் பேருதான் முதல்ல. என் பேரு அதுக்கப்புறம்தான்."

கையைக் கழுவிவிட்டு வந்தாள். சேலையில் துடைத்தாள். எங்கே என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து, அச்சில் இருந்த அமலோற்பவத்தின் தொடக்கத்தில் வைத்து, முடிகிற இடம் வரைக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன்.

"இவ்வளவு நீளமா?" என்றாள்.